அடியில் தங்கியது

பீங்கான் தொழிற்சாலை அனுப்பிய மலர்வளையத்தைத் தூக்கி, ரிப்பன் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள் நூபியா. 'எங்கள் அன்பு அர்செசியோவுக்கு' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்பாம்! காலமெல்லாம் களிமண் அரவை மெஷின் முன்னால் நிற்க வைத்து, மூக்கில் கட்ட ஒரு நல்ல துணிகூடக் கொடுக்காத அன்பு.

கூடத்தின் நடுவே சவப்பெட்டிக்குள் அப்பா அர்செசியோ படுத்திருந்தார். பெட்டிக்கு அடியில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். ஆவிக்குத் தாகமெடுத்தால் குடிக்க வேண்டுமே. உயிரோடு இருந்தபோது ஒரு வாய் தண்ணீர் விழுங்குவதற்குள் மூச்சுக்குத் திணறிப்போன மனுஷன்.

அம்மா வெல்லக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரவைப் பிரிவு ஆட்கள் வாசலோரம் நின்றார்கள். தம்பி எதில்பெர்த்தோவும் அவர்களோடுதான். அவனுக்கும் அதே மெஷினில்தான் வேலை. திங்கட்கிழமை மறுபடி போய் நிற்க வேண்டும்.

தொழிற்சாலை எஞ்சினியர் உர்தனேத்தா உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கமான மனுஷன்மா. என்ன செய்ய, சிகரெட் யாரத்தான் விட்டுச்சு?"

"அப்பா சிகரெட்டே பிடிச்சதில்ல," என்றாள் நூபியா. கல்யாண வீட்டில் கொடுக்கிற சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு அப்படியே வீடு திரும்புகிறவர் அவர்.

"சரி, பலவீனமான நெஞ்சுன்னு வச்சுக்க. நம்ம தூசியில ஒண்ணுமில்லம்மா. தலைநகர்ல எக்ஸ்ரே மெஷின்ல வச்சுப் பாத்தாச்சு. சுத்தமான வெள்ளக் களிமண்ணு, மணல் துளிகூட இல்ல. நீயும் அந்த வேலைதானே பாக்குற, உனக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். பல்கலைக்கழகத்தில் அதே மாதிரி மெஷினில்தான் அவள் தினமும் மண் பார்க்கிறாள். எக்ஸ்ரே எந்தக் கோணத்தில் தெறிக்கிறது என்பதை வைத்து, இன்ன தாது இவ்வளவு என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும். களிமண் பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மண்ணைத் தண்ணீரில் கலக்கி நிற்க விட்டால் மணல் அடியில் போய்விடும். மேலே மிதக்கிற மெல்லிய சேற்றை மட்டும் கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவைத்து மெஷினுக்குள் வைப்பார்கள். மணலின் கோடு ஓங்கி நின்று மற்றதை அமுக்கிவிடும் என்பதால் அடியில் கிடப்பதைக் கொட்டிவிடுவார்கள். பீங்கானுக்கு இந்த மண் தேறுமா என்று கேட்டால் சரியான வழி. நுரையீரலை அரிக்கிற மணல்தூளை மனுஷன் எவ்வளவு மூச்சில் இழுக்கிறான் என்று கேட்டால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"கலக்கித் தெளிய வச்சா பாத்தாங்க, சார்?"

"பின்ன? களிமண்ண அப்படித்தானம்மா பாக்கணும்!"

"மேல மிதந்தத மட்டும்."

அவர் திரும்பி அம்மாவிடம் காப்பி வாங்கிக்கொண்டார்.

நூபியா உள்ளே போய் அப்பாவின் வேலைச் சட்டையைக் கொண்டுவந்தாள். கடைசியாக வேலைக்குப் போட்டுப் போனது. துவைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை.

"இந்தப் பையில இருந்த தூசியக் கொஞ்சம் எடுத்து, எதையும் கழிக்காம மெஷின்ல வச்சேன். மூணுல ஒரு பங்கு மணல், சார்."

குனிந்து பெட்டிக்கு அடியிலிருந்த டம்ளரை எடுத்தாள். சட்டைப்பையை வெளியே இழுத்து அதில் உதறினாள்.

"அடிப்பாவி!" என்று அம்மா அலறினாள். "அது உங்கப்பா குடிக்கிற தண்ணிடி!"

"இத்தன வருஷமும் இதத்தானம்மா குடிக்க வச்சாங்க!"

கரண்டியால் கலக்கி மேஜைமேல் வைத்தாள். தண்ணீர் பால்போலானது.

"இது துக்க வீடும்மா. மரியாத வேணும்," என்றார் எஞ்சினியர்.

"செத்தவருக்கா, உங்களுக்கா?"

காப்பி ஆறியது. டம்ளரின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்ல ஒரு படிவு சேர்ந்தது. அரவைப் பிரிவில் மூத்தவரான கிரிசாந்தோ எட்டிப் பார்த்தார்.

"அடியில கிடக்கிறது என்ன சார், சர்க்கரையா?"

எதில்பெர்த்தோ வந்து விரலை விட்டு எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தான். நறநறவென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இது கண்ணுக்குத் தெரியுற அண்ணன்டா," என்றாள் நூபியா. "அப்பா நெஞ்சுல போய் உக்காந்த பொடி மணல் இதோட தம்பி. அது கண்ணுக்கே தெரியாது."

அவன் துப்பவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கோயில் மணி அடித்தது. தொழிலாளி யார் செத்தாலும் பெட்டியின் முன்பக்கம் பிடிப்பது எஞ்சினியரின் வழக்கம். வழக்கப்படி கையை நீட்டினார். அங்கே எதில்பெர்த்தோவின் கை இருந்தது. அந்தப் பக்கம் கிரிசாந்தோ. மிச்ச இடத்தில் அரவை ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். யாரும் விலகவில்லை. அவர் மலர்வளையத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

பெட்டி வாசலைத் தாண்டியது. நூபியா டம்ளரைக் கழுவக் கையில் எடுத்தாள்.

"வை அத," என்றாள் அம்மா. "திங்கக்கிழம தம்பி கையில குடுத்தனுப்பணும். ஃபேக்டரி கேட்டுல வைக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்."

டம்ளரை வாங்கி ஜன்னலில் வைத்தாள். உள்ளே தூசி விழாமல் ஒரு சின்னத் தட்டை எடுத்து மூடினாள்.