கீறல் முட்டை

விடிவதற்கு முன்பே முட்டைக் கொட்டகையின் இருட்டறையில் மேசை விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். கண்ணாடிக்கு அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் முட்டைகள் உருண்டு போகும். கீறல் இருந்தால் மயிரிழை போலத் தெரியும். அதை எடுத்துத் தனித்தட்டில் வைக்க வேண்டும். மூன்று மாதக் குழந்தையைத் தங்கையிடம் விட்டு வந்தவளுக்கு நின்று நின்று கால் மரத்திருந்தது.

கீறல் முட்டைகள் முன்பெல்லாம் வேலை செய்கிறவர்களுக்குத்தான். போன மாதம் முதலாளி அதை நிறுத்திவிட்டுக் கேக் கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

நேற்றுக் குழந்தைக்கு ஊசி போடப் போனபோது, என்ன சாப்பிடுகிறாய் என்று நர்ஸ் கேட்டாள். சுண்ணாம்புச் சத்தைத் தாயின் எலும்பிலிருந்தாவது எடுத்து உடம்பு பாலில் சேர்த்துவிடும். ஆனால் வேறு சில சத்துகள் தாய் தின்றால்தான் பாலில் இறங்கும் என்றாள். எங்கே வேலை என்று விசாரித்தவள், "முட்டைக் கொட்டகையா? அப்போ எனக்குக் கவலையே இல்ல" என்று சிரித்தாள். இவளும் தலையாட்டினாள். நாளெல்லாம் முட்டையைத் தொடுகிறவளுக்கு, வெறும் தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்கிறேன் என்று சொல்ல நாக்கூசியது.

இன்று ஒரு கீறல் முட்டையை மேலங்கிக்குள் மார்போரம் செருகிக்கொண்டாள். தட்டைத் தூக்கக் குனிந்தபோது அது நசுங்கியது. ஈரம் பரவியதைப் பார்த்து என்னவென்று கேட்ட மேற்பார்வையாளரிடம், யோசிப்பதற்குள் "பால் கசிஞ்சிருச்சுங்க" என்றாள். அவர் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்பித்தோம் என்ற நிம்மதி ஒரு நொடிதான். பிள்ளையின் பாலைத் திருட்டுக்குத் திரையாக்கிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

பின்னாலேயே முதலாளி வந்தார். விளக்கொளியில் கறையைப் பார்த்தார்.

"எந்த ஊர்லம்மா பால் மஞ்சளா இருக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னார்.

பக்கத்து மேசைக்காரியை எல்லோரும் கட்டைக்குரல் என்பார்கள். அவள் வேலையை நிறுத்தினாள். "முட்டையைக்கூட வெளிச்சத்துல வச்சுப் பாக்குறீங்க முதலாளி. எங்க வயித்தை எப்பவாவது பாத்தீங்களா?"

"வீட்ல தின்னுட்டு வாங்க. நான் என்ன ஹோட்டலா நடத்துறேன்?"

"வீட்ல இல்லைங்க."

சொன்னது தன் குரல்தான் என்பது அவளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது. "நான் முட்டை தின்னு ஒரு மாசமாச்சு. நர்ஸ்கிட்ட தலையாட்டினேன். இங்க பால்னு சொன்னேன். ரெண்டும் பொய்."

கட்டைக்குரல் தன் விளக்கை அணைத்தாள். அடுத்த மேசை அணைந்தது, அதற்கடுத்ததும். அறை முழுதும் இருட்டானது.

"போன வாரம் நான் ரெண்டு எடுத்தேன்" என்றது மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழுகை போலவும் இருந்தது அது.

"கீறல் முட்டை எங்களுக்குத் திரும்ப வரணும். இவளும் இங்கதான் நிக்கணும்" என்றாள் கட்டைக்குரல்.

விளக்கைப் போடாவிட்டால் நாளைக்கு வேறு ஆள் நிற்கும் என்று முதலாளி இரைந்தார். வெளியே சரக்கேற்ற வந்த லாரி உறுமியபடியே ஹாரன் அடித்தது. பதில் வராமல் டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்ததும் விடியல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. என்னவென்று கேட்டான். சொன்னார்கள். அவள் நெஞ்சிலிருந்த கறையைப் பார்த்தான். அவள் கையால் மறைக்கவில்லை.

அவன் திரும்பிப் போய் லாரியில் ஏறினான். அவனும் இன்ஜினை அணைத்தான்; லாரியின் உறுமல் நின்றது.