சூடு தெரியாத கை

ஹிலாரியோ ஏணியின் மேல்படியில் நின்று, அண்ணாந்தபடி உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். கூரையில் அடித்த ஜிப்சம் பலகைகளின் இணைப்பில் பூசிய பட்டி காய்ந்திருந்தது. தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூள் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. ஹூஸ்டனில் இதுபோல எத்தனை கட்டடத்துக் கூரையைத் தேய்த்திருப்பான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கழுத்தை இறக்கினால் வலிக்கும். ஏற்றினால் அதைவிட வலிக்கும்.

கீழே சிவப்பு ஹெல்மெட் ஒன்று கடந்து போயிற்று. மேஸ்திரி ஹெல்மெட். அதைப் போட்டிருந்த நெமேசியோ, ஹிலாரியோவின் மனைவி அம்பாரோவுக்குத் தம்பி. மெக்சிகோவிலிருந்து அவனை வரவழைத்து, தன் வீட்டு சோபாவில் படுக்கவைத்து, பட்டி பார்க்கச் சொல்லிக்கொடுத்தது ஹிலாரியோ. வந்தவன் இங்கிலீஷ் பிடித்துக்கொண்டான். முதலாளி ராண்டி சிரிக்கிற இடத்தில் சிரிக்கவும் பழகிக்கொண்டான். ஹெல்மெட் அவன் தலைக்குப் போய்விட்டது.

போன வாரம் ஆள் பற்றவில்லை என்று நெமேசியோவும் நாள் முழுக்கக் கூரை தேய்த்தான். அதையும் அம்பாரோ சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னாள். "மேஸ்திரியா இருந்தும் எந்தம்பி ஏணி ஏறுறான் பாரு." காலமெல்லாம் ஏணியிலேயே நிற்கிறவன் எதிரே உட்கார்ந்து பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தான்.

காலைக் காப்பி வண்டி வந்தது. மேஸ்திரிக்குக் காப்பி கொண்டுபோகும் முறை இன்றைக்கு ஹிலாரியோவுடையது. நெமேசியோ வலது கையில் கோப்பையை வாங்கினான். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"காப்பி ஆறிப்போச்சே, மாமா."

ஹிலாரியோவுக்குச் சுருக்கென்றது. 'இப்ப இதுவும் ஆச்சா' என்று நினைத்துக்கொண்டான். நெமேசியோ ஒரு வாய் குடித்தான், புரையேறி இருமினான், இடது பக்கமாகச் சரிந்து பலகை அடுக்கின்மேல் சாய்ந்தான். விக்கல் வந்தது. விரல்கள் சிவந்திருந்தும் அவன் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"அடி சக்கை!" என்று கத்தினான் சோன். அந்தக் கூட்டத்திலேயே வாய் நீளமானவன் அவன். "மேஸ்திரிக்கும் திங்கக்கிழமை வந்திருச்சுடோய்!"

திங்கட்கிழமை யாராவது ஒருவன் முந்தின நாள் குடி இறங்காமல் தள்ளாடி வருவான். அவனை வேலை முடிந்த அறையில் படுக்கவைத்து, வாசலில் ஒரு பலகையைச் சாத்தி, முதலாளி கேட்டால் சாமான் வாங்கப் போயிருக்கிறான் என்பார்கள். எல்லாருக்கும் எப்போதாவது அந்த அறை தேவைப்பட்டிருக்கிறது. நெமேசியோவுக்கு மட்டும் இதுவரை தேவைப்பட்டதில்லை.

ஹிலாரியோதான் அவனைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனான். முகம் முகத்தோடு ஒட்டியது. சோப்பு வாசனை, ஜிப்சம் தூள் வாசனை. வேறொன்றும் இல்லை.

"தலை சுத்துது மாமா. கட்டடமே சுத்துது."

"தூங்கு. எல்லாம் சரியாயிடும்."

வெளியே வந்ததும் சோன் கண்ணடித்தான். "என்ன, நாத்தம் எப்படி?"

"கேக்கவே வேணாம்" என்றான் ஹிலாரியோ. எல்லாரும் சிரித்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அவனும் வயிறு குலுங்கச் சிரித்தான். ஏணி ஏறும்போது கழுத்து வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியவன் பலகையை விலக்கிப் பார்த்தான். சீர் குலைந்து கிடக்கும் மச்சானை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றுதான் போனான். நெமேசியோ வாந்தியில் கிடந்தான். விக்கல் நிற்கவில்லை. இடது இமை பாதி இறங்கியிருந்தது. குரல் தகரத்தைக் கீறுவதுபோல வந்தது. "எச்சி முழுங்க முடியல மாமா."

ஹிலாரியோவின் கையிலிருந்த டார்ட்டியா ரொட்டிப் பொட்டலம் விழுந்தது.

அவன் போட்ட கூச்சலில் ராண்டி வந்தார். ஆம்புலன்ஸ் என்றதும் கையை உயர்த்தினார். "என் வேலையிடத்துக்கு அதெல்லாம் வேண்டாம். உன் காரிலே கூட்டிட்டுப் போ."

அவசரப் பிரிவில், வாய் கோணுகிறதா என்று பார்க்கச் சிரிக்கச் சொன்னார்கள். நெமேசியோ சிரித்தான். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள். தூக்கினான். இரண்டும் சரியாகத்தான் நின்றன. "குடிச்சிருக்காரா?" என்று கேட்டுவிட்டு, ரத்தம் எடுத்துக்கொண்டு, நடைபாதையோரம் ஒரு கட்டிலில் போட்டார்கள். அம்பாரோ ஓடிவந்து தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கிடந்தால் இப்படி ஓடி வருவாளா என்று அந்த நேரத்திலும் ஹிலாரியோவுக்குத் தோன்றியது.

பொழுது சாயும்போது, டாக்டர் ஒபியோரா என்கிற அம்மா அந்த வழியாகப் போனாள். விக்கல் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தாள். இமையைப் பார்த்தாள்.

"கழுத்து வலி இருந்துச்சா?" அவர்கள் பாஷையிலேயே கேட்டாள்.

"ஒரு வாரமா" என்றான் நெமேசியோ. "பின்னாடி. இடது பக்கம்."

சில்லென்ற இரும்புக் கருவியை அவன் இடது கன்னத்தில் வைத்தாள். தெரியவில்லை. வலது கன்னத்தில் தெரிந்தது. இடது கையில் தெரிந்தது. வலது கையில் தெரியவில்லை. அந்த அம்மாவின் பேச்சு வேகமாயிற்று. "இது பக்கவாதத்துல ஒரு வகை. அபூர்வம். கை கால் விழாது, அதான் ஆளை ஏமாத்திடும். கடைசியா எப்போ நல்லா இருந்தீங்க?"

"தெரியல. தூங்கி எந்திரிச்சதுதான் ஞாபகம். மத்தியானம் வரைக்கும்... நல்லாத்தான்..."

"மத்தியானம்னா அடைப்பைக் கரைக்க மருந்து ஏத்தலாம். அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா அதே மருந்து மூளையில ரத்தம் கசிய விட்டுடும். நிச்சயமா தெரியணும்."

அம்பாரோ ஹிலாரியோவைப் பார்த்தாள். "நீதானே கூட இருந்த?"

ஆமாம், மத்தியானம்தான் என்றால் யாருக்கும் தெரியாது. அவன் நாக்கு அந்தச் சொல்லை ஒரு தரம் புரட்டிப் பார்த்தது.

"காலையில" என்றான். "காப்பி நேரத்துல. கொதிக்கிற காப்பியைக் கையில வச்சுக்கிட்டு ஆறிப்போச்சுன்னான். உடனே தள்ளாடினான். அப்பவே வந்திருச்சு."

"காலையிலயா?" என்றாள் அம்பாரோ. "அப்ப எதுக்குப் படுக்க வச்ச?"

"குடிச்சிருக்கான்னு..."

"குடிச்சிருந்தானா?"

ஹிலாரியோ இல்லையென்று தலையை ஆட்டினான். "நாத்தமே இல்ல. எனக்குத் தெரியும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கழுத்தைப் படம் பிடித்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் உள்பக்கம் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, வழி அடைத்திருந்தது. கரைக்கிற மருந்துக்கு நேரம் கடந்துவிட்டது. மேலும் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் இறக்கினார்கள். நடக்கவும் விழுங்கவும் பழக மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். என்ன வேலை என்று அந்த அம்மா கேட்டாள். ஹிலாரியோ அண்ணாந்து, கையைத் தூக்கித் தேய்த்துக் காட்டினான். "நாள் முழுக்கவா?" என்று அவள் அவனுடைய கழுத்தையே பார்த்தாள். "அதனாலகூட கிழிஞ்சிருக்கலாம்."

மறுவாரம் ராண்டியிடம் அவன் அதைச் சொன்னான்.

"கழுத்து வலி யாருக்கு இல்ல? வண்டி ஓட்டி ஓட்டி எனக்கே இருக்கு" என்றார் ராண்டி. "ஏணியிலேர்ந்து விழுந்தானா? இல்லையே. குடிச்சிருந்தான்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. முதல்ல சொன்னதே நீதானாமே."

"இல்லைங்க, அது நான் பொய்... ரத்தம் பாத்தாங்க, அதுல குடியே..."

"சரி, விடு. மூணாம் மாடிக் கூரை இந்த வாரம் முடியணும். ஆள் பத்தல, மேஸ்திரின்னாலும் நீயும் ஏறணும்." சிவப்பு ஹெல்மெட்டை அவன் கையில் திணித்துவிட்டுப் போனார்.

உள்பட்டையில் வெள்ளைத் தூளும் வியர்வையும் சேர்ந்து காய்ந்திருந்தன. ஹிலாரியோ அதைப் போட்டுக்கொண்டு ஏணி ஏறினான். நெமேசியோ விட்ட இடத்திலிருந்து தேய்க்க வேண்டும். அண்ணாந்தால் ஹெல்மெட் பின்னால் நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தேய்த்தான்.

கீழே சோன் வந்து நின்றான். இந்த முறை அவன் கண்ணடிக்கவில்லை. அவன் பார்வை ஹெல்மெட்டின் மேலேயே இருந்தது. "இந்தாங்க மேஸ்திரி, காப்பி."

ஹிலாரியோ இறங்கிவந்து வலது கையால் வாங்கினான். கோப்பையை விரல்களால் இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். சுட்டது. நன்றாகச் சுட்ட பிறகும் கீழே வைக்காமல் நின்றான்.