வேலை செய்தவர்: பேக் தொக்சு

"மழ வருது, மழ வருது! ஏ இன்ஹோ அம்மா, செத்தா போயிட்ட?"

மாமியார் போட்ட சத்தத்தில் பம்கோல் கிராமத்து நாய்களில் பாதி எழுந்து குரைத்தன. இன்ஹோ அம்மா சாகவில்லை. மிளகாய் உலர்த்தும் கொட்டகைக்குள், கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். உலர்த்தும் இயந்திரம் போடுகிற இரைச்சலில் இடி விழுந்தாலே கேட்காது, மாமியார் எம்மாத்திரம். அவள் வெளியே ஓடி வந்தபோது முற்றத்தில் நாலு நாள் வெயிலில் காய்ந்த மிளகாய் முழுவதும் மிதந்துகொண்டிருந்தது.

மாமியார் வாசலில் நின்றபடியே விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். அள்ளுவதற்கு அந்த விரலை மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை.

புருஷன் பேக் தொக்சு அப்போது ஊர்க்கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தான். தலையில் ஒரு உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அவன் வீடு வந்து சேர்வதற்குள் குற்றவாளி யார் என்பது தீர்மானமாகிவிட்டது.

"கைல என்ன அது?"

"நோட்டு."

"என்ன எழுதியிருக்க?"

"என்னென்னவோ."

"என்னென்னவோ எழுதறதுக்கா என் மிளகாய நனைய விட்ட?"

அவன் அடிக்கிற ஆள் இல்லை. ஊரில் அவனுக்கு நல்லவன் என்றே பெயர். நோட்டை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, மக்காச்சோளம் வெந்துகொண்டிருந்த அடுப்புக்குள் வைத்தான். மூன்று வருடத்து எழுத்து. பறிப்புக்கும் சமையலுக்கும் இடையில் கிடைத்த அரைமணி அரைமணியாகச் சேர்த்தது. அன்றைக்குச் சோளம் அருமையாக வெந்தது. மாமியாரே பாராட்டினாள்.

அவள் பன்றிக்கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, நனைந்த மிளகாயை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பியோன் மல்சுன். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த கடுப்பில் அவள் அப்பா வைத்த பெயர். 'இத்தோடு பெண் போதும்' என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரையும் யாரும் கூப்பிடவில்லை. முதலில் 'புது மருமக', அப்புறம் 'இன்ஹோ அம்மா'. இன்ஹோ பட்டணத்துக்கு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. அம்மாவுக்கு அவன் பெயர்தான் இன்னும் ஓடுகிறது.

அவளுக்கு நோட்டுதான் போனது, எழுத்து போகவில்லை. வேறு நோட்டு எடுத்தால் அதுவும் சோளம் வேக வைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் எரிக்க முடியாத புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பண்ணைக் குறிப்பேடு.

பூச்சிமருந்து அடிக்காத மிளகாய் என்று சான்றிதழ் வேண்டுமானால், நாள் தவறாமல் அந்தக் குறிப்பேட்டை எழுத வேண்டும். தேதி, வானிலை, வேலை, வேலை செய்தவர் என்று நாலு கட்டம். அதற்குக் கீழே 'குறிப்பு' என்று பாதிப் பக்கம் காலி. தொக்சு பேனா பிடித்தால் அவன் கை மரத்துப்போகும் என்பதால் ஒன்பது வருடமாக அவள்தான் எழுதி வந்தாள். முதல் வருடமே சான்றிதழ் அதிகாரி சொல்லிவிட்டார்: "வேலை செஞ்சவர்ங்கற இடத்துல குடும்பத் தலைவர் பேரையே போட்ருங்கம்மா. நிலம் அவர் பேர்லதான இருக்கு. சிக்கல் வராது."

சிக்கல் வரவில்லை. ஒன்பது வருடமாக பேக் தொக்சு தனியொரு ஆளாக நாற்று விட்டான், நட்டான், குச்சி ஊன்றினான், கயிறு கட்டினான், களை எடுத்தான், பறித்தான். கால் முறிந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் ஒரு நாள் விடாமல் களை எடுத்திருக்கிறான். ஒரு அதிகாரியும் ஏனென்று கேட்டதில்லை.

நோட்டு எரிந்த மூன்றாம் நாள், அவள் குறிப்பேட்டைத் திறந்து நாலு கட்டத்தையும் நிரப்பினாள். பேனா அதோடு நிற்கவில்லை. மழை பெய்த நாளின் பக்கத்துக்குத் திரும்பி, அங்கே காலியாகக் கிடந்த பாதியில் இறங்கியது.

மாமியார் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. "என்னடி அது, மறுபடியுமா?"

"சான்றிதழ் குறிப்பு, அத்தை."

"ஓ, அதுவா? எழுது, எழுது. பாதியில விட்ராத. மிளகாய நான் பாத்துக்கறேன்."

மல்சுன் அசந்துபோனாள். இத்தனை வருடம் இந்த வித்தை தெரியாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் குறிப்பேட்டில் விழுந்ததெல்லாம் இந்த மாதிரிதான்:

'ஆகஸ்ட் 9. வெயில். மூன்றாம் பறிப்பு. செய்தவர்: பேக் தொக்சு. பேக் தொக்சுவுக்கு இன்று இடுப்பு வலி. ஊர்க்கூடத்துத் தரையில் நெடுநேரம் சீட்டாடியதால் வந்தது. ஆகவே நாற்பது வரிசையையும் அவர் பெயருக்குள் நான் புகுந்துகொண்டு பறித்தேன். உள்ளே ஒரே புழுக்கம்.'

'செப்டம்பர் 2. மேகமூட்டம். முன்னோர் சமாதியில் புல் வெட்டு. பிறகு வீட்டில் படையல். பதினோரு வகை சமைத்தேன். படைக்கும்போது பெண்கள் கும்பிட வரக்கூடாது என்பதால் அடுக்களையில் நின்றேன். செத்துப்போனவர்களுக்கு என் சமையல் தெரியும், என்னைத் தெரியாது. இந்த வீட்டில் உயிரோடு இருப்பவர்களும் அப்படித்தான்.'

தொக்சு புரட்டிப் பார்த்ததே இல்லை. அட்டையில் தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான். இருந்தது.

இலையுதிர் காலத்துச் சோதனைக்குப் புது அதிகாரி வந்தார். நின்றபடியே குறிப்பேட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். பிறகு உட்கார்ந்தார். மல்சுன் வைத்த காபி ஆறி ஆடை கட்டியது.

"இத நான் எடுத்துட்டுப் போகலாமா?"

சான்றிதழ் போயிற்று என்று நினைத்துத் தொக்சுவுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஏதாவது தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்கங்க சார்," என்றான். யார் எழுதியது என்று அதிகாரி கேட்கவில்லை. எதற்குக் கேட்கிறார், அட்டையில்தான் பெயர் இருக்கிறதே.

ஜனவரியில் கடிதம் வந்தது. மாகாண அளவிலான பண்ணைக் குறிப்பேட்டுப் போட்டியில் முதல் பரிசு, பம்கோல் கிராமத்து பேக் தொக்சு அவர்களுக்கு.

ஊர் முகப்பில், இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே, எட்டு மீட்டர் நீளத்துக்குத் துணி கட்டினார்கள். போன வருடம் ஊர்த்தலைவர் மகன் நீதிபதி பரீட்சையில் தேறியபோது கட்டியதைவிட இது ஒரு முழம் நீளம். வெள்ளைத் துணியில் நீல எழுத்து: 'பம்கோல் ஈன்ற எழுத்தாளர் பேக் தொக்சுவுக்கு வாழ்த்துகள்'. எழுத்தாளர் அதன் கீழே நின்று ஏழு படம் பிடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில், கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டு மல்சுன் சொன்னாள்: "அது நான் எழுதினது."

"இல்லன்னா சொன்னேன்? வயல உழுதது டிராக்டர். அதுக்காக டிராக்டருக்கா மால போடறாங்க?"

அவள் ஜன்னல் வழியே டிராக்டரைப் பார்த்தாள். வருடத்துக்கு ஒரு தடவை அதற்காவது எண்ணெய் மாற்றுவான்.

"மேடைல ஒரு வார்த்த சொல்லுங்க. எழுதினது என் பொண்டாட்டி பியோன் மல்சுன்னு. அது போதும். பரிசு உங்க பேர்லயே இருக்கட்டும்."

"வீட்டுக்கு வந்த பெரும, யாருக்கு வந்தா என்ன?" என்றாள் மாமியார். "ஆம்பள பேர்ல வந்தாத்தான அழகு?"

தொக்சு சோற்றை மென்று முடித்தான். "சரி, சொல்றேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு."

அவள் நம்பினாள். முப்பது வருடத்துக்குப் பிறகும் நம்பினாள். அதற்காகத்தான் பின்னால் அவளால் தன்னை மன்னிக்கவே முடியவில்லை.

விழா அன்று மாவட்ட மண்டபத்தில் முந்நூறு பேர். மூன்றாவது வரிசையில் மல்சுன், மாமியாரின் பழைய மாலையிலிருந்து எடுத்த முத்தில் செய்த தோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிசு பெற்றவர் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்றார்கள். எந்தப் பக்கம் என்று நடுவர்களே குறி வைத்துக் கொடுத்திருந்தார்கள். தொக்சு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குறிப்பேட்டைப் படித்தான்.

"ஆகஸ்ட் ஆறு. மழை. உலர்த்தியது வீணானது. என் நோட்டை... என் கணவர்... அடுப்பில் வைத்தார். நான் என்ன எழுதியிருந்தேன் என்று அவர் படித்துவிட்டு எரித்திருந்தால்கூட... தாங்கியிருப்பேன்."

நிறுத்தினான். காது மடல் மிளகாயாகச் சிவந்திருந்தது. அவன் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறான் என்று அவள் கை மேல்சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

நடுவர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். தலை நரைத்த, பெரிய படிப்பாளி.

"பாருங்க, எழுதினவரே உடைஞ்சு போயிட்டார். ஒரு ஆம்பள தன் மனைவியோட மனசுக்குள்ள புகுந்து, அவங்க குரல்லயே எழுதியிருக்கார். தன்னையே கெட்டவனா காட்டிக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்? முப்பது வருஷமா நான் படிக்கறேன், பெண்கள் மனச இப்படிப் புரிஞ்சுக்கிட்ட ஆண இப்பத்தான் பாக்கறேன்."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. தொக்சு மூக்கைச் சொறிகிற நேரம் யோசித்தான். பிறகு இடுப்பு வரை குனிந்து வணங்கினான்.

பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மல்சுன் தொடையைத் தட்டினாள். "குடுத்து வச்சவங்க நீங்க. எங்க வீட்ல இருக்கறதுக்கு நான் உயிரோட இருக்கறதே தெரியாது."

திரும்பி வரும்போது வண்டியில் தொக்சுவே ஆரம்பித்தான். "சொல்லத்தான் இருந்தேன். அந்தாளு முந்திக்கிட்டாரு."

மறுவாரம் சந்தைக்குப் போனவள், நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். அதில் தானே அளவுகோல் வைத்து நாலு கட்டம் போட்டாள். அட்டையில் பெரிதாக எழுதினாள்: பியோன் மல்சுன்.

கோடையில் கூட்டுறவுச் சங்கப் பத்திரிகையிலிருந்து ஃபோன் வந்தது. மாதம் ஒரு கட்டுரை வேண்டுமாம், தலைப்பு 'மனைவியின் மனம்'.

"இன்ஹோ அம்மா, ரெண்டு பக்கம் எழுதிக் குடு. சீக்கிரம்."

"தர்றேன். என் பேரு போடறதா இருந்தா."

"மல்சுன்னா? அப்படி ஒரு பேர அச்சுல போட்டா நாலு பேரு சிரிக்க மாட்டான்?"

"கேவலமான பேருதான். ஆனா அது ஒண்ணுதான் என்னோடது."

"அப்ப நானே எழுதிக்கறேன். பெரிய கம்பசூத்திரமா?"

அறைக்குள் குட்டை மேசை வந்தது. மின்விசிறி வந்தது. மாமியார் நாயை அவிழ்த்துக் கொல்லைப்பக்கம் கட்டினாள். "சட்டியப் போட்டு உருட்டாத, அவன் எழுதறான்," என்று மருமகளைக் குசுகுசுத்த குரலில் அதட்டினாள். முற்றத்தில் மிளகாய் காய்ந்தது. ஊர் முகப்பிலிருந்து அவிழ்த்த எட்டு மீட்டர் துணியைத்தான் கீழே விரித்திருந்தாள் மல்சுன். நல்ல கெட்டித் துணி, வீணாக்கலாமா? மிளகாய் வரிசைகளுக்கு நடுவே 'எழுத்தாளர் பேக் தொக்சு' அங்கங்கே தெரிந்தார்.

மூன்று மணிக்கு மேற்கு மலை கறுத்தது. முதல் தூறல் விழுந்தது.

மாமியார் கொட்டகை வாசலுக்கு நுனிக்காலில் ஓடி வந்தாள். சத்தம் போட்டால் மகனுக்கு இடைஞ்சல். "மழ வருதுடி," என்றாள் மெல்ல. "போய் அள்ளு."

மல்சுன் கூடை மேல் உட்கார்ந்து, நீல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மழ. காதுல விழலயாடி?"

"விழுது அத்தை. அதத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்."

மாமியார் வாய் பிளந்தாள். அப்புறம் குசுகுசுப்பெல்லாம் பறந்தது. "தொக்சு! ஏ தொக்சு! உன் பொண்டாட்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு, வந்து பாரு!"

தொக்சு செருப்பில்லாமல் ஓடி வந்தான். மேசை மேல் அவன் விட்டு வந்த தாளில் காலையிலிருந்து எழுதியது ஒரே வரி: 'என் மனைவி நல்லவள்.' நேராக அவளிடம் வந்து நோட்டைப் பிடுங்கக் கை நீட்டினான். முற்றத்து அடுப்பில் சோளம் வெந்துகொண்டிருந்தது. அவள் நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"அடுப்புல போடுங்க. போன தடவ முந்நூறு பேரு கை தட்னாங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் அடுப்பைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். மழை வலுத்தது. வேறு வழியில்லாமல் முற்றத்தில் இறங்கி, துணியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். நனைந்த துணி என்ன கனம் கனக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தன் பெயரிலேயே கால் வழுக்கி ஒரு தடவை விழுந்தான். எழுந்து மறுபடி இழுத்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. நாலு கட்டத்தையும் நிதானமாக நிரப்பினாள். தேதி. மழை. முற்றத்து மிளகாயை அள்ளியது. நாலாவது கட்டத்துக்கு வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. ஒருமுறை வெளியே பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதினாள்.

'வேலை செய்தவர்: பேக் தொக்சு.'

பத்து வருடத்தில் அந்தப் பெயரோடு அந்தக் கட்டத்தில் அவள் எழுதிய முதல் உண்மை அது.