அரைப்பேர்

1
இந்தக் கதை ஓர் இரைச்சலிலிருந்து கிடைத்தது. கொட்டகலையில் பழைய ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு சொல்லைப் பாதி சொல்லிவிட்டுக் காணாமல்போனார்.

தொடக்கம்: "மலையில் பனி இறங்கிய..." [வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக் கதை என்றாலே பனியை இறக்கிவிடுகிறோம்.]

மறுபடி: 1964, மார்கழி. தனுஷ்கோடியைப் புயல் அழித்த வாரம். புயலுக்கு முந்தின நாள்தான் வீரய்யா அங்கே போகத் தலைமன்னாரில் கப்பல் ஏறியிருந்தான். அவன் பெண்சாதி நாகலெட்சுமி, விடியுமுன் கொழுந்துக்கூடையோடு நோட்டன் பிரிட்ஜில் சூசைரட்ணத்தின் வீட்டுக்கு வந்தாள். அவர் மின்நிலையத்தில் வேலை. சொந்தமாக ஒரு வயர்லெஸ் பெட்டி செய்துவைத்திருந்தார்.

2
சூசைரட்ணத்தை நான் முழுசாக நம்பவில்லை. அவர் சொல்வது இது: இந்தியாவில் பேசும் வயர்லெஸ் அலை நம் மலைக்கு எட்டாது, நேரே வானத்துக்குப் போய்விடும். எரிநட்சத்திரம் விழுந்தால் அதன் தடம் மேலே கண நேரம் நிற்கும். அலை அதில் பட்டுத் திரும்பும். அப்போது மட்டும் கேட்கும். விடியற்காலையில் அதிகம்.*

*விசாரித்தேன். உண்மைதானாம். எனக்குக் குழப்பம் தீரவில்லை.

"மெட்ராஸ் பக்கம் பேர் வாசிக்கிறாங்க, தங்கச்சி." [வாசித்தார்களா? தெரியாது. நான்தான் வாசிக்கவைக்கிறேன்.]

"யாரு பேருண்ணே? இருக்கிறவங்களா, போனவங்களா?"

"அதுதான் வெளங்கல."

3
இரைச்சல். மறுபடி இரைச்சல். திடீரென்று பக்கத்தில் நின்று கூப்பிட்ட மாதிரி:

"வீர—"

அவ்வளவுதான்.

"வீரப்பனா இருக்கலாம், வீரம்மாளா இருக்கலாம்," என்றார் சூசைரட்ணம்.

அவள் கதறி — [எழுதியதை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.]

"அரைப்பேருண்ணே."

பாதிப் பெயரைச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார், நானும்தான். ஆனால் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள்.

"வராத ஆளுக்கு அரைப்பேரு போடமாட்டாங்க," என்றாள். "அவரு கரைக்கு வந்துட்டாரு."

கூடையை எடுத்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள். அங்கே தன் பேரையும் கொடுக்க வேண்டுமே.

4
முடிவு ஒன்று: தலைமன்னார் ரயிலிலிருந்து வீரய்யா இறங்கி —

முடிவு இரண்டு: அவள் நெற்றிப் பொட்டை —

எனக்குக் கை ஓடவில்லை. பாவி, இவளை இப்படி நம்பவைத்துவிட்டேனே.

மறுநாளும் வந்து பெட்டிமுன் உட்கார்ந்தாள். "மிச்ச அரைப்பேரும் கெடைக்குமாண்ணே?"

சூசைரட்ணம் என்னைப் பார்க்கிறார். எனக்கென்ன தெரியும்? இப்போது வாசிக்கிறவர் நீங்கள்தானே. அவள் காத்திருக்கிறாள், மிச்சத்தையும் வாசியுங்கள்.