மார்லிஸ் படியேற்றவில்லை

1

பனியை வாரிப்போடப்போய்த் தோளைக் கெடுத்துக்கொண்டதால் கிடைத்த கதை இது. மினசோட்டாவில் இத்தனை வருடம் குப்பைகொட்டியும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாத என்னை, இயன்முறைச் சிகிச்சைக் கூடத்தில் ரப்பர் பட்டையை இழுக்க வைத்திருந்தார்கள். எதிரே நடந்ததை எழுதுகிறேன்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "விதியை மீறத் துணிந்த அந்தப் பெண்—"

அடித்துவிட்டேன். அவள் மீறவில்லை. கதைக்காரன் வயிற்றில் அடித்துவிட்டாள்.

2

மார்லிஸ் அங்கே சிகிச்சை உதவியாளர். பயிற்சி கொடுக்கலாம், திட்டத்தை மாற்றக்கூடாது. திட்டம் போடுவதும் வீட்டுக்கு அனுப்புவதும் மேற்பார்வையாளர் இங்க்ரிட்டின் வேலை. மார்லிஸ் எழுதும் குறிப்பிலும் இங்க்ரிட்டின் கையெழுத்து வேண்டும்.

வெண்டல், இடுப்பெலும்பு முறிந்த முன்னாள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவர் வீட்டு வாசலில் படிகள். ஏற முடியாவிட்டால் நாளை முதியோர் இல்லம்தான். அங்கே அவருடைய நாய்க்கு இடமில்லை. கூடத்து மூலையில் பயிற்சிக்கென்று மரப்படி இருந்தது; திட்டத்திலோ சமதரை நடை மட்டும். இங்க்ரிட் பனிச்சாலையில் வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த மரப்படியில ஒரு தடவ ஏறிக் காட்டுறேன். யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேனே."

"வாய் மட்டும் நல்லா நடக்குது உனக்கு."

"உங்க வாய்க்குப் படியே வேண்டாம், அந்தரத்துல ஏறும். உக்காருங்க, இங்க்ரிட்ட போன்ல கேக்குறேன்."

(இந்த இடத்தில் அவளைக்கொண்டு எப்படியாவது கிழவரைப் படியேற்றிவிடப் பார்த்தேன். "திட்டத்துல இல்ல" என்று என்னையும் உட்காரவைத்துவிட்டாள்.)

3

போனை எடுக்கத் திரும்பினாள். அடப்பாவி மனுஷா! கிழவர் மேல்படியில் நின்று சிரிக்கிறார். மார்லிஸ் பாய்ந்துபோய், விழாமல் பிடிக்க அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்து இறக்கினாள்.

"எழுதாத தாயி. சொன்ன பேச்சு கேக்காதவன்னு இல்லத்துக்கு அனுப்பிருவாங்க. உன் வேலைக்கும் ஆபத்து."

"தெரியும்," என்றாள். உடனே இங்க்ரிட்டுக்குப் போனில் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

அந்தக் கூடத்தில் எல்லார் கையும் தூக்கத்தில்கூட எழுதும் ஒரு வரி உண்டு: "சிகிச்சையை நன்கு தாங்கிக்கொண்டார்." அதைப் போட்டிருந்தால் முடிந்தது. அவளோ, தான் பக்கத்தில் இல்லாதபோது அவர் ஏறினார், அது தன் தவறு என்று எழுதினாள். இறங்கும்போது முறிந்த பக்கத்துக் காலைச் சரியாக முதலில் வைத்தார் என்றும் எழுதினாள். ஏறும்போது நல்ல கால்தான் முன்னே போகவேண்டும், மாறினால் விழவேண்டியதுதான். அதைப் பற்றி இப்படி எழுதினாள்: "எந்தக் காலில் ஏறினார் என்று நான் பார்க்கவில்லை."

(நானும் பார்க்கவில்லை. ரப்பர் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் நானாக இருந்தால் நல்ல கால் என்றே எழுதியிருப்பேன். அவள்மீது எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.)

4

இங்க்ரிட் பூட்ஸில் பனியோடு வந்தாள். இரண்டு முறை படித்தாள்.

"வழியெல்லாம் உன்னத் திட்டிக்கிட்டேதான் வந்தேன், மார்லிஸ். ஆனா நீ எழுதினத நம்பலாம். வெண்டல், எந்திரிங்க. இப்ப நான் பாக்குறேன்."

நாய் வாலாட்டும் முடிவொன்று எழுதினேன். இல்லத்து ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருக்கும் முடிவொன்றும். அப்புறம் அவர் படியில்—

வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் உதவியாளருக்குக் கிடையாது. இந்தக் கதைக்கு நான் உதவியாளன், பார்த்ததை எழுதிவிட்டேன். கையெழுத்து நீங்கள் போடவேண்டும். வாருங்கள், வெண்டல் படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துவிட்டார். அவர் இடுப்புப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் காலை முதலில் தூக்குகிறார், பாருங்கள்.