இடது கைக்குத் தெரிந்தது

முனீஸ்வரிக்குத் தலையில் ஆபரேஷன் முடிந்து நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சீனியம்மாளின் பசுவுக்கு அவள் சினை ஊசி போட்டது அதற்கு முந்தின நாள். ஊசி பிடித்திருந்தால் பசுவின் வயிற்றில் இந்நேரம் கன்று வளர்ந்துகொண்டிருக்கும். பிடிக்கவில்லை என்றால் நாளைக் காலையில் அடிமாட்டு யாவாரி வந்து பசுவை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

"நீங்க போட்ட ஊசி, நீங்களே வந்து சொல்லுங்க டாக்டரம்மா. வேற ஆளு பக்கத்துல போனா இவ உதைக்கிறா," என்று சீனியம்மாள் போனில் சொல்லிவிட்டாள்.

முனீஸ்வரி மாட்டு டாக்டர். மூன்று வருடமாக அவளுக்கு வலிப்பு. நின்ற இடத்திலேயே மரம் சாய்வது போலச் சாய்வாள். தொழுவத்தில் விழுந்திருக்கிறாள், பஸ் படியில் விழுந்திருக்கிறாள். எந்த மாத்திரைக்கும் அது அடங்கவில்லை. கடைசியில் மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்திருக்கும் நரம்புக் கற்றையை மருத்துவர்கள் வெட்டிவிட்டார்கள். இனி ஒரு பாதியில் கிளம்புகிற வலிப்பு மறுபாதிக்குத் தாவாது. அதன்பின் அவள் ஒரு தடவைகூட விழவில்லை. அவளுடைய திருநகர் வீட்டில் தினமும் அதுவே கொண்டாட்டமாக இருந்தது.

சிக்கல் இடது கையில் வந்தது. இடது கை தொடுவதை மூளையின் வலது பாதி அறியும். பேசுவது இடது பாதியின் வேலை. நடுவில் இருந்த பாதை போய்விட்டதால், கண்ணை மூடிக்கொண்டு இடது கையில் ஒரு பொருளை வாங்கினால் கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. மாட்டுக்குள் கைவிட்டுச் சினை பார்க்க அவள் படித்ததோ இடது கையால். வலது கை ஊசிக்குழலைப் பிடித்ததோடு சரி. கை அறிந்ததை வாய் சொல்லாவிட்டால் அவளுடைய வேலை அவ்வளவுதான்.

"பெரிய ரோட்டைத்தான் வெட்டியிருக்கோம். சின்னச் சின்னப் பாதைங்க இன்னும் இருக்கு. மூளை அது வழியாச் சேதி அனுப்பப் பழகிக்கும். பயிற்சியை விடாதீங்க," என்று ஆபரேஷன் செய்த மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆகவே அவள் கணவன் செல்வக்குமார் தினமும் ஆபீஸ் முடிந்து வந்ததும் அவள் கண்ணைத் துண்டால் கட்டி, இடது கையில் எதையாவது வைப்பான். முதல் மாதத்தில் வீட்டுச் சாவியை வைத்தான். "கத்திரிக்காய்," என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

"சரி, நாளைக்கு வீட்டைக் கத்திரிக்காயப் போட்டுப் பூட்டிட்டு ஆபீஸ் போறேன்," என்றான் அவன்.

எலுமிச்சம்பழம் சீப்பானது. சீப்பு பிஸ்கட்டானது. தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய் அது. தானாக ஒன்றை இட்டுக்கட்டிவிடும். பேசவே கூச்சப்படுகிற முனீஸ்வரிக்கு அதுதான் பெரிய அவமானம். இந்த இரண்டு வாரமாகப் பாதிக்குப் பாதி சரியாக வந்தது. ஆனால் பசுவின் விஷயத்தில் பாதி சரி என்று ஒன்று கிடையாது.

செக்கானூரணி தாண்டி சீனியம்மாளின் ஊருக்கு அவர்கள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சீனியம்மாள் பசுவை வேப்பமரத்தில் நெருக்கிக் கட்டியிருந்தாள்.

"தம்பி, வாலைப் பிடிங்க. ஏத்திப் பிடிங்க. பஸ்ல கம்பியப் பிடிக்கிற மாதிரி தொங்குறீகளே!"

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லக்கா."

"ஒங்களுக்குப் பழக்கமில்லைன்னு அதுக்குத் தெரியுமா?"

பசு சாணம் போட்டது. செல்வக்குமாரின் ஆபீஸ் பேண்ட் முழங்கால் வரை பச்சையானது. சீனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

முனீஸ்வரி தோள் வரை கையுறையை இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, இடது கையை உள்ளே விட்டாள். கை தயங்கவே இல்லை. பழகின வீட்டுக்குள் நுழைவது போலத் தன்பாட்டுக்குப் போயிற்று. எதைத் தொடுகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. சூடு தெரிந்தது. அவ்வளவுதான்.

"என்ன டாக்டரம்மா, இருக்கா, இல்லையா?"

'காலி' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கத்திரிக்காயைப் போலவே, எங்கிருந்தோ, அத்தனை உறுதியாக. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டால் பசு நாளைக்கு லாரியில் ஏறிவிடும்.

"கொஞ்சம் பொறுங்கக்கா."

"பொறுக்கிறேன். ஆனா எதுக்குச் சிரிக்கிறீக?"

"நானா?"

"பின்ன நானா? பல்லு அம்புட்டும் தெரியுது."

முனீஸ்வரி வலது கையின் புறங்கையால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஈ மொய்க்கிறது, கழுத்தில் வியர்வை வழிகிறது, புருஷன் சாணிக்குள் நிற்கிறான். சிரிக்க அவளிடம் ஒரு காரணமும் இல்லை. காரணம் வைத்திருப்பது வாயில்லாத அந்த வலது பாதியோ என்று யோசித்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

முகத்தை வேண்டுமென்றே இறுக்கிக்கொண்டாள். மூச்சை நிதானமாக்கினாள். மறுபடி பார், என்று கைக்கு மனதுக்குள் சொன்னாள். கை கருப்பையை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, எதையோ விரல்களுக்கு நடுவில் பிடித்து, நின்றது. அடக்கி வைத்த சிரிப்பு மறுபடி பொங்கி வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவது சுவர் வழியாகத் தெரியுமே, அந்த அளவுக்கு ஒரு மெல்லிய அதிர்வு. விர்ரென்று. கன்று வளரும் பசுவின் கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அப்படித்தான் துடிக்கும்.

"முனீஸ், என்னாச்சு? கண்ணு கலங்குது," என்றான் செல்வக்குமார், வாலை விடாமல்.

"ஐயோ, கெட்ட சேதியா? வாயத் தொறந்து சொல்லுங்க டாக்டரம்மா," என்றாள் சீனியம்மாள்.

முனீஸ்வரி நாக்கைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தாள். நுனியில் நின்ற பழைய சொல் விலகிப்போயிற்று. பிறகு பக்கத்து வயலில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, வாழ்நாளில் அவள் பேசியிராத சத்தத்தில் சொன்னாள்:

"சினையா இருக்குக்கா!"