ஆமாம் என்று ஆட்டிய தலை

வெள்ளிக்கிழமை காலை சலவைக்கூடத்துக்குள் நுழைந்த புரொபசர் தன் மேசைக்குப் போய் நின்றபோது எதிரே நெட்டை இல்லை. நான்கு வருடமாக அந்த மேசையின் மறுபக்கம் நின்ற ஆள், முந்தின நாள் லீவு போட்டிருந்தவர், இன்று கூடத்தின் கோடியில் வேறொருத்தியோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

புரொபசர் என்பது படித்து வாங்கிய பட்டமில்லை. எட்டாவதோடு நின்றவர். மூட்டை தூக்கினார், கம்பி கட்டினார், இடுப்பு பிடித்துக்கொண்டபிறகு இங்கே வந்து சேர்ந்தார். எந்நேரமும் காதில் இயர்போன், இயர்போனில் எந்நேரமும் பேச்சு. அதனால் கூடத்தில் இருந்தவர்கள் வைத்த பெயர் அது. அவர் கேட்பது, இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசும் நிகழ்ச்சி. ஒருநாள் அரசியல், ஒருநாள் பண்பாடு. கடவுள் உண்டா இல்லையா என்று ஒருநாள். மனசு ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது என்று இன்னொரு நாள். நடத்துகிறவர் ஆரம்பத்திலேயே, பேச வந்தவரிடம், "எங்கயும் ஓட வேண்டாம், மெதுவா பேசலாம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே புரொபசர் கேட்கத் தொடங்கினார். மனைவி போனபிறகு அவரிடம் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. மகள் வெளியூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா. ரெண்டு கேள்வி, ரெண்டு 'ம்', முடிந்தது.

பேச்சை முந்தின நாளே போனில் இறக்கி வைத்துக்கொண்டு, வேலை நேரத்தில் அதன் தொடர்பை அணைத்துவிடுவார். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. அப்படிக் குறுக்கிட யாரும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகளைத் துவைத்து, சூட்டு உருளையில் விட்டு எடுத்து மடிப்பது வேலை. பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்துப் பின்னால் போய் ஒரு உதறு. பிறகு நடந்து வந்து எதிராளியின் கையில் தன் முனையைக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு தடவை முகத்துக்கு முகம் வந்து திரும்புகிற வேலை. இயந்திரச் சத்தத்தில் பேசினால் பாதிதான் காதில் விழும். இயர்போனும் இருந்தால் அந்தப் பாதியும் விழாது. நெட்டை பேசுகிறவர். நடந்து வரும்போதெல்லாம் அவர் வாய் அசைந்துகொண்டே வரும். புரொபசர் தலையாட்டிவிட்டு முனையைக் கொடுப்பார்.

மேற்பார்வை பார்க்கிற அம்மாவிடம் போய்க் கேட்டார். "நெட்டைய ஏன் அங்க போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? அவர்தான் வந்து கேட்டாரு. அந்தாளு கூட நிக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். என்னண்ணே பண்ணீங்க?"

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே."

"அதுதான் கோபம் போல" என்று சொல்லிவிட்டு அவள் கணக்குத் தாளோடு நகர்ந்தாள்.

டீ நேரத்தில் புரொபசர் நெட்டையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "என்னப்பா, சொல்லாம கொள்ளாம இடம் மாறிட்ட?"

"சொன்னா மட்டும் என்ன கிழிஞ்சிடும்? இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எங்க போச்சு?"

"என்ன சொன்ன?"

நெட்டை டம்ளரைக் கீழே வைத்தார். "நேத்து எனக்குக் கண் ஆபரேஷன். கூட ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போடணும், இல்லன்னா உள்ளயே விட மாட்டாங்க. திங்கக்கிழமை உன்கிட்ட கேட்டேன். வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துடுவியான்னு. நல்லா ஆட்டின தலைய. மறந்துடாதன்னேன். அதுக்கும் ஆட்டின. லீவு கிடைக்குமான்னு கேட்டேன், அதுக்கும்!"

புரொபசர் கழுத்தில் தொங்கிய இயர்போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பத்தரை வரைக்கும் நின்னேன்யா. பேரைக் கூப்பிட்டு, கூட யாருன்னு கேட்டாங்க. வந்துட்டே இருக்காருன்னேன். மறுபடியும் கூப்பிட்டாங்க. வந்துட்டே இருக்காருன்னேன். அந்த நர்ஸ் பொண்ணு சிரிச்சிடுச்சு. மூணாவது தடவை கூப்பிடவே இல்ல."

"ஒரு போன் பண்ணியிருந்தா..."

"பண்ணேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பள சொன்னா. அவளாவது பதில் சொன்னா."

"எனக்குக் கேக்கலப்பா. சத்தியமா. காதுல இது இருந்துச்சு."

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. ஆமான்னு எவனாவது ஆட்டுவானா?"

சாயங்காலம் அறைக்கு வந்த புரொபசர், திங்கட்கிழமை கேட்ட பேச்சை மறுபடி ஓடவிட்டார். எந்த வார்த்தைக்குத் தலையாட்டினோம் என்று தெரிந்தால் நெட்டையிடம் போய்ச் சொல்லலாம், உனக்கு ஆட்டவில்லை, இன்னதற்குத்தான் ஆட்டினேன் என்று. எதிர்ச்சுவரில் சின்னக் கண்ணாடி தொங்கியது. பேச்சுக்கு வந்திருந்தவர், மனிதன் பயத்தில்தான் கடவுளை உண்டாக்கினான் என்றார். கண்ணாடியில் தலை ஆடியது. நடத்துகிறவர், அப்படிச் சொல்ல முடியாது, நன்றியிலும் உண்டாக்கியிருக்கலாமே என்றார். அதற்கும் ஆடியது. கட்சிகளைப் பிடித்து ஒரு விளாசு விளாசினார்கள், ஆடியது. கட்சி இல்லாமலும் நடக்காது என்றார்கள். தலைக்கு அதிலும் ஆட்சேபம் இல்லை. அரை மணி நேரத்துக்குள் புரொபசர் நிறுத்திவிட்டார். வயசான பூம்பூம் மாடு மாதிரி இருந்தது அவருக்கு அவரையே பார்க்க.

மறுநாள் நெட்டையிடம் போனார். "புதுத் தேதி என்னைக்கு? நான் வரேன்."

"வேணாம். ஆள் பேசியாச்சு."

"யாரு?"

"ஆஸ்பத்திரிக்குத் துணை வர்றதுக்குன்னே ஆள் அனுப்புறாங்க. ஒரு அம்மா வருது."

"கூலிக்கா? நான் இருக்கும்போதா?"

"நீ எங்க இருக்க?" என்றார் நெட்டை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

தேதியை மேற்பார்வை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு புரொபசரும் அன்று லீவு போட்டார். கையெழுத்துப் போட விடாவிட்டாலும் அங்கே ஒரு முகமாக இருந்துவிட வேண்டும், அடுத்த நாள் நெட்டை பழைய மேசைக்குத் திரும்பிவிடுவார் என்பது அவர் நினைப்பு. காதில் ஒன்றும் மாட்டவில்லை. ஏழு மணிக்கெல்லாம் போய், நெட்டை உள்ளே போகும்வரை சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே நின்றார். பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கூலிக்கு வந்த அம்மா பக்கத்தில் இருந்தாள். மடியில் நெட்டையின் செருப்பும் கண்ணாடியும் போட்ட பை.

"யாருக்குண்ணே, வீட்டுல யாருக்காச்சுமா?"

"இப்ப உள்ள போனாரே, உயரமா... அவர் கூட வேலை செய்றேன்."

"அப்படியா! அப்ப உங்களுக்குத் தெரியாததா? என்ன பேச்சு அந்த மனுஷன்! பஸ் ஏறினதுல இருந்து வாய் ஓயல. தம்பி கதையைக் கேட்டுட்டு இறங்குற இடத்தையே விட்டிருப்பேன்."

"எந்தத் தம்பி?"

"அவர் தூக்கி வளர்த்த தம்பிண்ணே. கிணறு வெட்டப் போன இடத்துல மண் சரிஞ்சு மூடிடுச்சாமே. போன வருஷம். உங்களுக்குத் தெரியாதா?"

போன வருஷம் நெட்டை ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய் மூடவில்லை. விரிப்பின் முனையோடு நடந்து வருவார், வாய் அசையும், பின்னால் போவார், மறுபடி வருவார். கண் கலங்கியிருந்தது. உருளையின் ஆவி என்று புரொபசர் நினைத்தார். அன்று காதில் தேர்தல் பேச்சு. அருமையான பேச்சு.

"கூட வேலை பாக்கிற ஒருத்தன்கிட்ட அன்னைக்கே முழுசா சொன்னாராம்" என்றாள் அவள். "குறுக்க ஒரு வார்த்தை பேசாம கேட்டானாம். இப்படி ஒருத்தன் நமக்கு இருக்கானேன்னு அன்னைக்குத்தான் தூக்கமே வந்துச்சாம். பாத்தா, அவன் காதுல ஒண்ணுமே விழலையாம். இப்பத்தான் தெரிஞ்சுதாம். எந்தப் பாவியோ!"

"நான்தாம்மா."

அவள் மடியிலிருந்த பையை எடுத்து, அவரிடமிருந்து தள்ளி மறுபக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு நெட்டை ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். அந்த அம்மா எழுந்துபோய்ச் செருப்பை எடுத்துப் போட்டாள். புரொபசரும் எழுந்தார்.

"யாரு அது?"

"நான்தான்ப்பா."

நெட்டை கட்டில்லாத கண்ணைத் திருப்பிப் பார்த்தார். "வேலை இல்லையா இன்னைக்கு?"

"லீவு போட்டேன். அந்தத் தம்பி விஷயம்... இப்பதான் தெரிஞ்சுது. இப்படி உக்காரு. சொல்லுப்பா. காதுல ஒண்ணும் இல்ல, பாரு."

நெட்டை உட்காரவில்லை. "உனக்கு ஒரு தடவை சொன்னேன். இந்தம்மாவுக்கு ஒரு தடவை சொல்லிட்டேன்" என்றார். "இன்னொரு தடவை என்னால ஆகாதுய்யா. அவன் ஒவ்வொரு தடவையும் சாகுறான்."

அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது. தாடை அசைந்தது, ஒரு கை காற்றில் எதையோ அளந்து காட்டியது. அவள் ஒரு இடத்தில் சிரித்தாள்.

நாலடி தள்ளி புரொபசர் நடந்தார். லாரிகளும் ஹாரனுமாகச் சாலை இரைந்தது. "அப்ப அவன்..." என்று ஒன்று கேட்டது. பிறகு, "...மழையில..." என்று ஒன்று. ஒன்றோடொன்று சேரவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கினார். அந்த அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

பஸ் வந்தது. அவள் நெட்டையைக் கைபிடித்து ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தபோதும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது.